வருகைக்கு வழி வரவேற்பே

1945 இல் இலவசக் கல்வி வந்தது; 1980 இல் இலவசப் பாடநூல் வந்தது. ஐந்து முதல் பதினாறு வயதுவரை கல்வி கட்டாயமென 2016 இல் விதியும் வந்தது. எனினும் தாய் கூலிக்குப் போனால், தம்பியைக் காக்க மூத்த பிள்ளை வீட்டில் நிற்கின்றது.

சட்டம் பெற்றோரை மன்றுக்கு இழுக்கலாம். பிள்ளையின் உள்ளத்தை வகுப்பறைக்கு இழுக்க அதனால் இயலாது. சட்டம் பயின்ற நாமே இதனைக் கூறுகின்றோம்.

மூன்று நாள் கழித்து வரும் பிள்ளையை ஏச்சும் ஏளனமும் எதிர்கொண்டால், மறுநாள் அது வருமா? "வந்தாயே, நன்று" என்னும் ஒரு சொல் போதும், அது வரும்.

ஒருநாளும் தவறாதோருக்கு மட்டுமே பரிசு என்பது வசதியுள்ள வீட்டுக்கே பரிசளிப்பதாகும். சென்ற மாதத்தைவிட இம்மாதம் கூடுதலாக வந்த ஏழைப் பிள்ளைக்கும் ஒரு கொப்பி கொடுத்துச் சபையிற் பாராட்டுவோம். ஆசிரியர்களே, பெற்றோர்களே, இத்தவணையிலேயே தொடங்குவோம்!