தூரம் மாறவில்லை, நேரம் ஏன் மாறியது?



பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி. ஜப்பானின் தலைநகர் டோக்கியோ. இரண்டுக்கும் வான்வழியே எவ்வளவு தூரம்? வினாடி வினாவில் கேட்டால், "சுமார் 7,800 கி.மீ." என்று சொல்லி மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால், இந்த எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது என்பது என் கருத்து. 'எந்த வழியாக?' என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஏன் தெரியுமா?

முதலில் ஒரு சோதனை. சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் இந்த இரண்டு ஊர்களையும் ஸ்கேல் வைத்து இணையுங்கள். கோடு கஜகஸ்தான், மங்கோலியா, சீனா பக்கமாகப் போகும். அடுத்து, உலக உருண்டையில் அதே ஊர்களுக்கு நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் வடக்கே ஏறி, ரஷ்யாவின் சைபீரியா மேல் போகும். பூமி உருண்டை அல்லவா? அதனால் நூல் போகும் வழிதான் மிகக் குறுகிய வழி.

ஆனால், வானத்திலும் எல்லைக்கோடு உண்டு. ஒரு நாட்டின் நிலத்துக்கு மேலே உள்ள வானமும் அந்த நாட்டுக்கே சொந்தம். அனுமதி இல்லாமல் அடுத்தவர் விமானம் அங்கே பறக்க முடியாது.

1983-ல் பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம், நடுவில் எங்கும் இறங்காமல் டோக்கியோவுக்கு விமானம் விட்டது. அந்த விமானம் சோவியத் யூனியனின் வானத்தைத் தவிர்த்து, வட துருவம் வழியாகச் சுற்றிப் போனது. ஆன நேரம் சுமார் 13 மணி. பின்னாளில் சைபீரிய வழி திறந்தது. பயணம் சுமார் 9½ மணி நேரமாகக் குறைந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வானத்தை மூடின. பதிலுக்கு ரஷ்யாவும் மூடியது. மறுபடியும் துருவத்தைச் சுற்றும் பயணம்; மறுபடியும் சுமார் 13 மணி!

இரண்டு ஊர்களும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. 39 ஆண்டுகளில் விமானங்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனாலும், பயண நேரம் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

"வட துருவத்தைப் பார்க்கலாமே, நல்லதுதானே!" என்று நீங்கள் கேட்கலாம். துருவத்தைக் கடந்த பயணிகளுக்குச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். கேட்கச் சந்தோஷம்தான். ஆனால், ஒவ்வொரு பயணத்திலும் கூடுதல் எரிபொருள் எரிகிறது. கூடுதல் புகை காற்றில் கலக்கிறது. போர் நடக்கும் மண்ணில் மக்கள் படும் துன்பம் இதைவிடப் பல மடங்கு பெரியது. அந்தச் சண்டையின் சுமை, எங்கோ வானத்தில் போகிற பயணியின் தலையிலும் கொஞ்சம் விழுகிறது.

எனவே, பள்ளி அலமாரியில் தூசி படிந்திருக்கும் உலக உருண்டையை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். உங்களுக்குப் பிடித்த இரண்டு ஊர்களுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்து, அது எந்தெந்த நாடுகளைத் தொடுகிறது என்று எழுதுங்கள். அந்த நாடுகள் நட்போடு இருந்தால்தான் நூல் காட்டும் வழியில் விமானம் போக முடியும்.

செய்து பார்ப்பீர்கள்தானே?