தலைக்கு மேல போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

விவசாயப் பெருமக்களே!

"தலைக்கு மேல வெள்ளம் போச்சு, இனி சாண் போனா என்ன, முழம் போனா என்ன?" காலம் கடந்துவிட்டது, கையை விரிக்க வேண்டியதுதான் என்று சொல்லவே இந்தப் பழமொழியை எடுக்கிறோம். டீக்கடையிலும் இதே பேச்சு. மனு கொடுக்கப் போனால் அதிகாரியும் இதையே நமக்குத் திருப்பிச் சொல்கிறார்.

என் கருத்து வேறு. தலைக்கு மேலே போன பிறகுதான் சாணும் முழமும் ஒன்று. முழங்காலில் நிற்கும்போது ஒவ்வொரு சாணுக்கும் கணக்கு உண்டு. அப்பவே அளந்து பார், அப்பவே கரையேறு என்பதுதான் இதன் பொருள்.

மேட்டூர் அணை திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. 2023-ல் அன்றே திறந்து அக்டோபர் 10-ல் மூடினார்கள். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அது மழையும் கர்நாடகமும் சம்பந்தப்பட்ட விவகாரம். ஆனால் தூர்வாருவது நம்ம ஊருக்குள் நடக்கிற வேலை. அதற்குமா காலம் தப்ப வேண்டும்?

எங்க வாய்க்காலுக்கு ஒரு வருசம் தண்ணி வந்த பிறகுதான் பொக்லைன் வந்தது. இரண்டு நாள் கரையைச் சுரண்டினார்கள். அள்ளிய வெங்காயத்தாமரையைக் கரையிலேயே போட்டார்கள். அடுத்த மழையில் அது திரும்பவும் உள்ளே. எவ்வளவு ஆழம் வெட்டினீர்கள் என்று கேட்டேன். தண்ணிக்கு அடியில் யார் அளப்பது? சாண் வெட்டினாலும் முழம் என்று எழுதலாம்! பில் போடுகிறவருக்கு அதுதானே வசதி?

கடைமடைக்குத் தண்ணி பிந்தினால் குறுவை நடவு பிந்தும். அறுவடை ஐப்பசி மழையில் மாட்டும். ஈரப்பதம் 17 சதத்தைத் தாண்டியது என்று கொள்முதல் நிலையத்தில் நெல்லை ஒதுக்குவார்கள். வடிகால் தூர்ந்து கிடந்தால் கார்த்திகையில் சம்பாப் பயிரின் தலைக்கு மேல் நிஜமாகவே வெள்ளம் போகும்.

நமது கோரிக்கைகள்:

1. மே மாதக் கடைசிக்குள் தூர்வாரி முடி!
2. நீளம், அகலம், ஆழம், தொகை எழுதிய பலகையை வேலை நடக்கும் இடத்தில் வை!
3. விவசாயிகள் முன்னால் அளந்து காட்டிய பிறகே பில் போடு!

ஊருக்கு நாலு பேர், ஒரு கயிறு, ஒரு அளவுகோல் போதும். வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போதே இறங்குங்கள். அளந்து எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். அந்தத் தாளோடு எல்லோருமாக அலுவலக வாசலுக்குப் போவோம். தண்ணி வந்த பிறகு போனால் அவர் நமக்குப் பழமொழிதான் சொல்வார்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்!

– செயலாளர், விவசாயிகள் சங்கம்