சிவப்பு விளக்கும் சிதைந்த நாதமும்

பழைய இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றிக் காப்பாற்றிவிட்டதாகப் பெருமிதம் கொள்ளும் அன்பர்கள் பெருகிவிட்டனர். அவர்களது ஆர்வத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும், காத்தல் என்ற பெயரில் பல வேளைகளில் அழித்தலே நடைபெறுகிறது என்பதைச் சொல்லாமலிருக்க இயலவில்லை.

நாம் நெடுநாள் தேடிய நாதசுரத் தட்டொன்றின் கணினிப் பிரதியை அண்மையில் நண்பர் ஒருவர் தந்தார். தவிலின் ஒவ்வோர் அடியும் கிழிந்து ஒலித்தது. மேல் ஸ்தாயியில் நாதசுரம் கரகரத்தது. தட்டு தேய்ந்துவிட்டது போலும் என்றே முதலில் எண்ணினோம். அலைவடிவத்தைத் திரையில் விரித்துப் பார்த்தபோது உண்மை விளங்கிற்று. முகடுகள் யாவும் ஒரே மட்டத்தில், அரிவாளால் சீவியதுபோல் தட்டையாக நின்றன. பதிவு அளவை உச்சத்தில் வைத்தவரே குற்றவாளி, தட்டின்மீது பழியில்லை.

ஒலிநாடாக் காலத்துப் பழக்கம் இது. நாடாவின் இரைச்சலை அமுக்க, முள் சிவப்பைத் தொடும்வரை அளவை உயர்த்துவர். நாடா சிறிது மீறலைப் பொறுத்துக்கொள்ளும். கணினி பொறுக்காது. அதற்குப் பூச்சியம் டெசிபெல் என்பதே கூரை. அதற்கு மேல் எழுந்தது எதுவும் பதிவாவதில்லை. வெட்டுண்ட பின் ஒலியைக் குறைத்தாலும் போன முகடு திரும்பாது.

'அளவைத் தாழ்த்தினால் நுட்பம் குறையுமே' என்பர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபெல் வீதம், 16 பிட் பதிவின் வீச்சு 96 டெசிபெல். உச்சத்திற்குக் கீழே 12 டெசிபெல் இடம் விட்டாலும் 84 எஞ்சும். நல்ல நிலையிலுள்ள நெடுந்தட்டின் வீச்சோ 70ஐ எட்டுவதே அரிது. 24 பிட்டில் பதிவோர்க்கு இந்த அச்சம் சிறிதும் வேண்டுவதில்லை. இழப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் கஞ்சத்தனம் எதற்கு?

செய்ய வேண்டியது எளிது. தட்டின் மிக உரத்த பகுதியை, தனியாவர்த்தனத்தின் இறுதித் தீர்மானம் போன்றதை, முதலில் ஓடவிட்டு உச்சம் கழித்தல் 6க்கும் கழித்தல் 12க்கும் இடையே நிற்குமாறு அளவை அமைக்க வேண்டும். பிறகு அந்தப் பக்கம் முடியும்வரை கைவைக்கலாகாது. மெல்லிய ஆலாபனையில் ஏற்றி, மிருதங்கம் வந்ததும் இறக்குவோர், கலைஞர் அமைத்த ஏற்ற இறக்கத்தையே திருத்துகின்றனர். தானாக அளவை மாற்றும் வசதியும் அதே தவற்றைச் செய்வதுதான். அதையும் அணைத்துவிட வேண்டும். பெருக்கியின் கம்பியை ஒலிவாங்கித் துளையில் செருகுவதோ பெரும்பிழை. அங்கே உள்நுழையும்போதே அலை சிதைந்துவிடும். திரையில் அளவைக் குறைத்துப் பயனில்லை.

கீறல் நீக்குவதும் ஒலி கூட்டுவதும் வேண்டாமென நாம் சொல்லவில்லை. அவற்றைப் படியெடுத்த பிரதியில் செய்க. மூலப்பதிவைத் தொடாது வைக்க.

தமிழ் படித்தவர்க்கு இது புதிய அறமன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டே பாடம் கண்டார். ஏடு சிதைந்த இடத்தைச் சிதைந்ததென்றே காட்டுவது பதிப்பு நெறி. ஏட்டின் ஓரத்தைக் கத்தரித்துவிட்டு 'அழகாக இருக்கிறது' என்று சொல்பவரைப் பதிப்பாசிரியர் என்போமா?

மறுவெளியீடு காணாத தட்டுகள் பழைய இரும்புக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நாளை தட்டு இராது. நாம் எடுத்த பிரதியே சாட்சியாக நிற்கும். உரத்துக் கேட்க விரும்புவோர் தம் வீட்டு ஒலிபெருக்கியின் குமிழைத் திருகிக்கொள்ளட்டும். பதிவில் கைவைக்க வேண்டாம்.