கம்ப்யூட்டரை முடுக்கலாமா?

மல்லசமுத்திரம் பக்கத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. மோட்டாரில் பெரிய புல்லியை மாட்டினால் தறி வேகமாக அடிக்கும். நூலும் அடிக்கடி அறும்.

கம்ப்யூட்டரிலும் இப்படிப் புல்லி மாற்றுகிறவர்கள் உண்டு. அதற்கு “ஓவர்கிளாக்” என்று பெயர்.

கம்ப்யூட்டரின் மூளை “பிராசசர்” என்ற சிறிய சில்லு. அது துடிப்புக்குத் துடிப்பு வேலை செய்கிறது. 3 கிகா ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 300 கோடி துடிப்பு! கம்பெனி குறித்துக் கொடுத்த துடிப்பை நாமே கூட்டிவிடுவதுதான் ஓவர்கிளாக்.

லாபம் இல்லாமல் இல்லை. 1998-ல் இன்டெல் கம்பெனி “செலரான் 300ஏ” என்ற மலிவுச் சில்லை விற்றது. அதன் வேகம் 300 மெகா ஹெர்ட்ஸ். கெட்டிக்காரர்கள் அதை 450-ல் ஓட்டினார்கள். ஓடியது! கொடுத்த காசுக்கு ஒன்றரை மடங்கு வேகம்.

2011-ல் ஏ.எம்.டி. கம்பெனியின் சில்லு ஒன்றை 8.429 கிகா ஹெர்ட்ஸ் வரை விரட்டி, கின்னஸ் சாதனை செய்தார்கள். குளிரவைக்கத் திரவ ஹீலியம் ஊற்றினார்கள். அது யார் வீட்டில் இருக்கிறது?

சூடுதான் வினை. வேகத்தைக் கூட்டினால் பெரும்பாலும் வோல்டேஜையும் கூட்ட வேண்டும். இரண்டையும் நூற்றுக்குப் பத்து கூட்டினால், சூடு நூற்றுக்கு முப்பதுக்கு மேல் கூடும். விசிறி எவ்வளவு சுற்றினாலும் அறையின் காற்றைவிடச் சில்லு குளிராது. சித்திரை மாதத்தில் நம் ஊர் ஓட்டு வீட்டுக் காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை!

வோல்டேஜ் கூடினால் சில்லின் ஆயுளும் குறையும். 2024-ல் இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறைச் சில்லுகள் பல கெட்டுப்போயின. தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதே முக்கிய காரணம். கம்பெனி உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டிக் கொடுத்தது. நாமே முடுக்கிக் கெடுத்தால் அந்த உத்தரவாதமும் கிடைக்காமல் போகலாம்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. அளவு மீறி முடுக்கிய சில்லு சில நேரம் கணக்கைத் தப்பாகப் போடும். எழுதி வைத்த பைல் கெட்டுவிடும். நூல் அறுந்தால் தறிக்காரர் பார்த்துவிடுவார். இதை யார் பார்ப்பது?

பருத்தி விற்ற பணத்தில் மகளின் படிப்புக்கு வாங்கிய ஒரே கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டு வேண்டாம். மூலையில் பழைய கம்ப்யூட்டர் கிடந்தால் பையன்கள் தாராளமாகச் சோதித்துப் பார்க்கட்டும்.

இன்றைய சில்லுகள், சூடு குறைவாக இருந்தால் தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. சூடு ஏறினால் குறைத்துக்கொள்கின்றன. தறி ஓடும் ஊரில் பஞ்சுத் தூசி விசிறியை அடைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்தத் தூசியைத் தட்டி எடுத்தாலே இழந்த வேகம் கொஞ்சம் திரும்பி வரும். அதற்குக் காசு செலவில்லை.