இரண்டு மாத வாடகை, பன்னிரண்டு மாத வரி

திருச்சி உறையூரில் அப்பா கட்டிய வீட்டில்தான் சென்ற ஆண்டு ஜனவரி வரை குடியிருந்தோம். எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. வீட்டைப் பூட்டிப்போட மனம் வரவில்லை. விளக்கு ஏற்ற ஆளில்லாத வீடு சீக்கிரம் பாழாகும். பிப்ரவரி முதல் தேதி ஒரு செவிலியர் குடும்பம் பால் காய்ச்சிக் குடிவந்தது. வாடகை மாதம் 15,000. மார்ச் முடிய இரண்டு மாதத்துக்கு 30,000 வந்தது.

வரிக் கணக்குத் தாக்கல் செய்ய ஆடிட்டரிடம் போனபோது பெயின்ட் அடித்த பில், மோட்டார் மாற்றிய பில், பிளம்பருக்குக் கொடுத்த ரசீது எல்லாவற்றையும் எடுத்துப் போயிருந்தேன். அவர் அவற்றைப் புரட்டக்கூட இல்லை. வீட்டு வாடகையில் நாம் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தைச் சட்டமே தள்ளுபடி தருகிறது. ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதவருக்கும் அதே 30, கூரையையே மாற்றியவருக்கும் அதே 30. தேய்மானம் என்று தனியாக எதுவும் கேட்க முடியாது. குடிவந்தவர்கள் கொடுத்த அட்வான்ஸ் திருப்பித் தரவேண்டிய பணம் என்பதால் அது வருமானத்தில் சேராது. இதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

"மொத்த வாடகை 1,80,000னு போடுறேங்கம்மா" என்றார்.

"சார், பிப்ரவரியிலதானே குடிவந்தாங்க? அதுக்கு முன்னாடி நாங்கதான் இருந்தோம்."

"அது சரிங்க. ஆனா வருஷத்துல ஒரு மாசம் வாடகைக்கு விட்டாலும், அந்த வருஷம் பூரா 'சொந்தக் குடியிருப்பு'ங்கிற சலுகை போயிடும்."

அவர் காட்டியது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 23ஆவது பிரிவு. நாம் குடியிருக்கும் வீட்டின் ஆண்டு மதிப்பு பூஜ்யம் என்கிறது அதன் இரண்டாம் உட்பிரிவு. ஆண்டின் எந்தப் பகுதியிலாவது வாடகைக்கு விட்டிருந்தால் அது செல்லாது என்கிறது மூன்றாவது. அப்புறம் மாநகராட்சி மதிப்பு, அக்கம்பக்கத்து வாடகை இரண்டில் கூடுதலானதைப் பன்னிரண்டு மாதத்துக்கும் கணக்கிட்டு, கைக்கு வந்த வாடகையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதை எடுக்கவேண்டும். ஆளில்லாமல் காலியாகக் கிடந்த மாதங்களுக்குக் கழிவு உண்டு. நாமே குடியிருந்த மாதங்கள் 'காலி' ஆகாதாம்.

1,80,000இல் நான் கட்டிய சொத்து வரி 6,000 போக 1,74,000. அதில் 30 சதவீதம் 52,200 போக 1,21,800. என் வருமானத்துக்கு 20 சதவீத அடுக்கு. செஸ்ஸும் சேர்த்தால் 25,000க்கு மேல் வரி. வாங்கிய 30,000இல் மிஞ்சியது ஐயாயிரத்துக்கும் குறைவு. மார்ச்சில் குடிவைத்திருந்தால் 15,000 வாங்கி 25,000 கட்டியிருப்பேன்.

வீட்டுக் கடன் இருப்பவர்களுக்கு இதே விதி சாதகமாகிவிடுகிறது. புதிய வரி முறையில் சொந்தக் குடியிருப்பின் கடன் வட்டிக்குச் சலுகை கிடையாது. வாடகைக்கு விட்டதாகிவிட்டால், ஆண்டு முழுவதற்குமான வட்டியையும் அந்த வாடகைக் கணக்கில் கழிக்கலாம். ஒன்றரை லட்சம் வட்டி கட்டுகிறவர் என் இடத்தில் இருந்திருந்தால் அந்த வீட்டுக்காக வரியே வந்திருக்காது. ஆனால் அப்பா வருங்கால வைப்பு நிதியையும் அம்மாவின் நகையையும் போட்டுக் கட்டிய வீடு இது. கடன் எதுவும் மிச்சமில்லை.

2019 பட்ஜெட்டுக்குப் பிறகு ஒருவர் இரண்டு வீடுகளைச் சொந்தக் குடியிருப்பாகக் காட்டலாம். இரண்டுக்கும் மதிப்பு பூஜ்யம். அது நல்ல மாற்றம்தான். இரண்டு வீட்டுக்காரருக்கு இரங்கிய சட்டம், ஒரே வீட்டை வைத்துக்கொண்டு ஊர் மாறிப் போகிறவருக்கு இரங்காமல் இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் கோலம் போட்டு, சமைத்து, உறங்கி எழுந்த பத்து மாதங்களுக்கு நானே எனக்கு வாடகை கொடுத்ததாக வரி கட்டுகிறேன். குடியிருந்த மாதங்களை விகிதப்படி கழிக்கலாம் என்று ஒரே ஒரு வரியைச் சட்டத்தில் சேர்த்தால் போதும். மாற்றலாகிப் போகிறவர்களும், பிள்ளைகளோடு இருக்கப் போகும் முதியவர்களும்தான் இதில் அதிகம் அகப்படுகிறார்கள். சட்டப்படி எது சரியோ அதன்படியே கணக்குக் காட்டிக் கையெழுத்திட்டேன். உள்ளதை மறைத்துவிட்டு அப்பாவின் வீட்டுக்குப் போய் நிற்க என்னால் முடியாது.

கும்பகோணத்தில் பெரியம்மா தனியாக இருக்கிறார். மகன் வீட்டுக்குப் போகப் போவதாகவும், மார்ச் முதல் தேதியே குடிவர ஆள் கிடைத்துவிட்டதாகவும் போன வாரம் போனில் சொன்னார். என் கணக்கை ஒவ்வொரு எண்ணாகப் படித்துக் காட்டினேன். வீட்டைக் கேட்டவர்களும் நல்லவர்கள், ஒரு மாதம் பொறுக்கிறோம் என்றார்களாம். மார்ச் முடிய பெரியம்மா அங்கேதான் இருப்பார். சாவியை ஏப்ரல் முதல் தேதி கொடுப்பதாகப் பேசியிருக்கிறார்கள்.