மிட்சியின் கோபமும் ஆய்வுலகின் மௌனமும்

சிறார் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசும் தமிழ்க் கருத்தரங்குகளில் 'ஷின்சான்' தொடருக்கு ஒதுக்கப்படும் இடம் பெரும்பாலும் குற்றவாளிக் கூண்டுதான். ஐந்து வயதுச் சிறுவன் பெரியோரை எதிர்த்துப் பேசுகிறான். பார்க்கும் குழந்தைகள் அதைப் பின்பற்றுகின்றனர். ஆகவே பெற்றோர் கண்காணிக்க வேண்டும். கருதுகோள், தரவு, பரிந்துரை என்ற மூன்று படிகளிலும் பேசப்படுவது குழந்தை ஒன்றே. அச்சிறுவனுக்குச் சமைத்து, அவனைக் குளிப்பாட்டி, அவன் தவறவிட்ட பள்ளிப் பேருந்தைத் துரத்தி, இறுதியில் மிதிவண்டியில் அவனை ஏற்றிக்கொண்டு மூச்சிரைக்க மிதிக்கும் பெண்ணைப் பற்றி ஒரு பத்திகூட எழுதப்படுவது அரிது. தொடரின் உண்மையான மையப் பாத்திரம் அவள்தான் என்பதையும், அவளைக் காணாமலிருப்பது ஆய்வுலகின் தற்செயலான கவனக்குறைவு அன்று என்பதையும் இனியேனும் உரத்துச் சொல்லியாக வேண்டும்.

அவள் பெயர் ஜப்பானிய மூலத்தில் மிசாயே நொஹாரா. இந்திய மொழிமாற்றத்தில் மிட்சி. யோஷிதோ உசுயி 1990இல் வரையத் தொடங்கிய படக்கதை, 1992 ஏப்ரலில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் அசைவூட்டத் தொடராயிற்று. இந்தியாவுக்கு 2006இல் வந்து, இந்தியோடு தமிழிலும் தெலுங்கிலும் பேசத் தொடங்கியது. மிட்சிக்கு வயது 29. டோக்கியோவுக்கு அருகே, சைத்தாமா மாவட்டத்தின் கசுகாபே நகரில் வீடு. கணவர் அலுவலகத்துக்கு நாள்தோறும் தொடர்வண்டியில் சென்று திரும்பும் நடுத்தர ஊழியர். மகனுக்குப் பின் 1996இல் மகளும் கதைக்குள் பிறந்தாள். தான் வளர்ப்பதாக மகன் உறுதியளித்துக் கொண்டுவந்த நாய்க்குட்டிக்கும் சோறிடுவது, இறுதியில், அவளே.

இத்தொடரின் கதைப்பொருள் எது என்று பட்டியலிட்டுப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். தள்ளுபடி விற்பனையில் முண்டியடித்தல், மாதக் கடைசியில் கறியின் அளவைக் குறைத்தல், துவைத்து உலர்த்திய துணியை மழை வருமுன் எடுத்தல், குழந்தை உறங்கிய பத்து நிமிடத்தில் தொலைக்காட்சி முன் சாய்ந்து நொறுக்குத்தீனி தின்னல், அந்தப் பத்து நிமிடத்தையும் மகன் குலைத்தல். கணவர் அறியாமல் அவள் சேர்த்துவைக்கும் பணத்துக்கு ஜப்பானிய மொழியில் தனிச்சொல் இருக்கிறது. தமிழிலும் இருக்கிறது: சிறுவாடு. மிட்சி அலமாரியின் மூலைகளில் ஒளித்துவைக்கும் சிறுவாட்டைப் பார்த்துச் சிரிக்கும் தமிழ்ப் பார்வையாளருக்கு விளக்கவுரை தேவைப்படுவதில்லை. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டபோது, அரிசிப் பானையிலிருந்தும் புடவை மடிப்பிலிருந்தும் வெளியே வந்தது அதே பொருளாதாரம்தான்.

மேலைநாட்டு ஊடக ஆய்வில் அசைவூட்டத் தாய்க்கு ஒரு முன்மாதிரி உண்டு: 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் மார்ஜ். 1987இல் ஒரு பல்சுவை நிகழ்ச்சியின் சிறு துணுக்குகளில் தோன்றி, 1989 டிசம்பர் 17 முதல் முழுநேரத் தொடரில் இடம்பெற்றவர். நீலநிறக் கோபுரக் கூந்தலும் ஜூலி கேவ்னரின் கரகரத்த குரலும் அவரது அடையாளங்கள். அவரைக் குடும்பத்தின் அறநெறி மையம் என்பர் ஒரு சாரார். ஆணாதிக்கத்துக்குப் பலியானவர் என்பர் மறு சாரார். 1992இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில், வேலைகளின் சுமை தாளாமல் மார்ஜ் கைக்குழந்தையுடன் பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்திவிடுகிறார், ஊர்ப் போக்குவரத்தே நின்றுபோகிறது, கைதும் செய்யப்படுகிறார். ஓய்வு விடுதிக்குத் தனியே சென்று திரும்புகிறார். அடுத்த அத்தியாயத்தில் எல்லாம் பழையபடி. இத்தகைய தொடர்களின் இலக்கணமே அதுதான்: எது உடைந்தாலும் அடுத்த வாரத்துக்குள் ஒட்டிக்கொள்ளும். உடைந்ததை ஒட்டவைத்த கை எதுவென்று கேட்கும் வழக்கம் அங்கில்லை.

மிட்சியின் காலமும் உறைந்த காலமே. அவளுக்கு என்றும் 29தான். ஆனால் அந்த உறைவை ஜப்பானியத் தொடர் வேறுவிதமாகக் கையாள்கிறது. நொஹாரா குடும்பம் வீட்டுக்கடனில் இன்னும் 32 ஆண்டுத் தவணை செலுத்த வேண்டும். காலங்காலமாகச் சொல்லப்படும் இந்த நகைச்சுவையில் தவணை குறைவதே இல்லை. துணி மீண்டும் அழுக்காகிறது, பாத்திரம் மீண்டும் நிறைகிறது, கடன் அப்படியே நிற்கிறது. அமெரிக்கத் தொடரில் மறதிக்கு உதவும் உத்தி இங்கே வீட்டுவேலையின் இயல்பைச் சொல்லும் உத்தியாக மாறிவிடுகிறது. முடித்த வேலை மறுநாள் முடிக்காத வேலையாகிவிடும் என்பதைப் பெண்ணியப் பொருளியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குகின்றன. ஒரு கேலிச்சித்திரம் அதை ஒரே எண்ணில் சொல்லிவிடுகிறது.

இந்திய அசைவூட்டம் இந்தத் தாயை எங்கே வைத்திருக்கிறது? இக்கேள்விக்குத் திருவனந்தபுரத்தில் தனி அழுத்தம் உண்டு. இந்நகரின் டெக்னோபார்க்கில் இயங்கும் டூன்ஸ் நிறுவனம்தான் தெனாலிராமன் கதைகளைத் தொடராக்கி 2003இல் கார்ட்டூன் நெட்வொர்க்குக்கு அளித்தது. உள்நாட்டிலேயே உருவான தொடர்களின் முன்னோடிகளுள் அது ஒன்று. அதன்பின் ஹைதராபாத்திலிருந்து 2008இல் 'சோட்டா பீம்' வந்தான். அவன் தாயுடன்தான் வாழ்கிறான். ஆயினும் குழந்தைகளின் நினைவில் நிற்பவர் லட்டு விற்கும் டுன்டுன் அத்தையே. பெற்ற தாய் வாசலில் நிற்கும் அன்பு உருவமாக மங்கிவிடுகிறார். 2012இல் வந்த 'மோட்டு பட்லு' சிக்கலை அடியோடு தீர்த்துவிட்டது: இரண்டு ஆண்கள் வாழும் வீடு, பசித்தால் தேநீர்க்கடைச் சமோசா. சமையலறையே இல்லாத இல்லறம். இந்தத் தொடர்களைக் குறித்துப் பண்பாட்டுச் சீரழிவு என்ற கூக்குரல் எழுந்ததாகத் தெரியவில்லை. அன்பாகவும் மௌனமாகவும் இருக்கும் தாயோ, இல்லாத தாயோ எவருக்கும் இடையூறாவதில்லை.

இடையூறு செய்தவள் மிட்சி. பெற்றோரின் புகார்களையடுத்து 2008இல் ஷின்சான் இந்தியாவில் நிறுத்தப்பட்டு, பின்னர் வெட்டுகளுடன் திரும்பியது. ஜப்பானிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே: பெற்றோர்-ஆசிரியர் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு நடத்திய கருத்துக்கணிப்புகளில், குழந்தைகள் பார்க்கக்கூடாத நிகழ்ச்சிகளின் பட்டியலில் இத்தொடர் பலமுறை முன்னணியில் நின்றது. சிறுவனின் ஆபாசக் குறும்பு புகாருக்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் குறும்புக்காரச் சிறுவர்கள் நம் கதைமரபுக்குப் புதியவர்களா? வெண்ணெய் திருடி, மண் தின்று, உரலில் கட்டப்பட்ட குழந்தையைத் தொழும் பண்பாடு இது. அக்கதையில் தாயின் கோபம் ஒரு கணம்; அடுத்த கணம் பரவசம். மிட்சியின் கோபத்துக்கு அத்தகைய பரவச முடிவு கிடையாது. அவள் அலுத்துக்கொள்கிறாள், கணக்குப் பார்க்கிறாள், தனக்கென்று ஒரு மணிநேரம் கேட்கிறாள், கிடைக்காதபோது கத்துகிறாள். இத்தொடரைக் கண்டு கலங்கியவர்களைக் கலங்கடித்தவற்றுள் தெய்வமாக மறுத்த இந்தத் தாயும் ஒருத்தி.

'பெற்றோர் கண்காணிக்க வேண்டும்' என்ற பரிந்துரையை ஒரு குறிப்பிட்ட ஊரில் வைத்துப் பார்த்தால் அதன் பொய்மை விளங்கும். ஸ்ரீவராகம், கோட்டை, கரமனை போன்ற பகுதிகளில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. வீட்டில் தமிழ், தெருவிலும் பள்ளியிலும் மலையாளம், ஆங்கிலம். அத்தகைய வீட்டில் தமிழில் பேசும் ஒரு கார்ட்டூனுக்குப் பொழுதுபோக்குக்கு மேற்பட்ட பயனும் உண்டு. எழுத்தில் தமிழ் படிக்க வாய்ப்பில்லாத குழந்தை, அகத்துப் பேச்சுக்கு அப்பாற்பட்ட தமிழைக் கேட்பது அதில்தான். பிற்பகல் நான்கு மணிக்கு அந்தத் தொலைக்காட்சியை இயக்குவது யார்? பள்ளியிலிருந்து வந்த குழந்தைக்குப் பலகாரம் கொடுத்து, மாமியாருக்கு மருந்து எடுத்துவைத்து, இரவுச் சமையலுக்குக் காய் நறுக்கும் முன்பு அரைமணி நேர அமைதி வேண்டிய பெண். கூலியில்லாத அவளது உழைப்புக்குக் கிடைத்த ஒரே உதவியாள் அந்தத் திரை. 'பெற்றோர்' என்ற பொதுச்சொல்லால் ஆய்வாளர் குற்றம் சாட்டுவது அவளைத்தான். கண்காணிப்பு என்ற பெயரில் அவள் நாளில் இன்னொரு வேலையையும் சேர்த்துவிட்டு, அதைச் சமூக அக்கறை என்று அழைக்கிறார்.

இது மிகையன்று, எண்கள் இருக்கின்றன. இந்தியப் புள்ளியியல் துறையின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் செலவிடும் சராசரி நேரம் 299 நிமிடங்கள், ஆணுக்கு 97. ஈடுபடுவோர் விகிதமோ பெண்களில் 81.2 விழுக்காடு, ஆண்களில் 26.1. சட்டமும் தாமதமாகவேனும் கண்விழித்திருக்கிறது. இல்லத்தரசிகளைப் பிச்சையெடுப்போர், கைதிகள் ஆகியோருடன் சேர்த்து உழைக்காதோர் பட்டியலில் வைத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பை உச்ச நீதிமன்றம் 2010இல் கண்டித்தது. கணவர் வெளிநாட்டில் ஈட்டிய பொருளால் வாங்கிய சொத்தில், இல்லத்தைக் காத்த மனைவியின் உழைப்பும் அடங்கியிருப்பதால் அவருக்குச் சமபங்கு உண்டு எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் தமிழ்நாட்டு அரசு மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டத்துக்கு 'உதவித்தொகை' என்று பெயரிடாமல் 'உரிமைத்தொகை' என்று பெயரிட்டது. நீதிமன்றத்துக்கும் கருவூலத்துக்கும் புலப்பட்ட ஒன்று, பண்பாட்டு ஆய்வு மேற்கொள்ளும் பல்கலைக்கழகத் துறைகளுக்கு இன்னும் புலப்படவில்லை.

ஸ்ரீவராகத்துக்கு அருகிலேயே ஆற்றுக்கால் இருக்கிறது. கும்ப மாதத்துப் பொங்கல் நாளில் கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டர் தொலைவுக்குத் தெருவெங்கும் செங்கல் அடுப்புகள். 2009இல் திரண்ட பெண்களின் எண்ணிக்கை 25 லட்சம் என்று கின்னஸ் நூல் பதிவு செய்தது. தெருவில் ஒருநாள் எரியும் அடுப்பை உலகமே எண்ணுகிறது. போக்குவரத்து ஒதுங்குகிறது, நகராட்சி தண்ணீர் தருகிறது, செய்தித்தாள் சிறப்பிதழ் போடுகிறது. அதே பெண்கள் ஆண்டின் ஏனைய நாட்களில் வீட்டுக்குள் மூட்டும் அடுப்பை எண்ணுவாரில்லை. பக்தியானால் காட்சி, கடமையானால் இருட்டு. ஆய்வுக்களத்தின் வெளிச்சமும் தெருவோடு நின்றுவிடுகிறது: பொங்கலைப் பற்றி எழுத ஆளுண்டு, அதற்கு மறுநாள் காலைக் காப்பியைப் பற்றி எழுத ஆளில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது, மிட்சி குழந்தையை அடிக்கிறாள். இரு முட்டிகளால் நெற்றிப்பொட்டை அழுத்தித் திருகுகிறாள். இதை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது. குழந்தையின் உடல் எவருடைய களைப்புக்கும் வடிகாலாகக் கூடாது. ஆனால் அந்த வன்முறையைக் கண்டிக்கும் ஆய்வு, அது பிறக்கும் சூழலையும் கேட்க வேண்டும்: நாள் முழுதும் தனியே, மாற்றாள் இல்லாமல், இரு குழந்தைகளுடன் அடைபட்ட ஒருத்தி, மாலையில் சோர்ந்து வந்து உணவுக்கும் குளியலுக்கும் காத்திருக்கும் ஒருவர். அவளது அடி தவறு என்று எழுதிவிட்டு அவரது காத்திருப்பைக் குறிப்பிடாமல் விடுவது அரைநேர்மை. இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. மிட்சி ஓர் ஆணின் தூரிகையில் பிறந்தவள். அவளது இடுப்பளவும் மலச்சிக்கலும் தொடர்ந்து கேலிக்குள்ளாகின்றன. கணவரின் பார்வை பிற பெண்கள்மேல் அலைவது நகைச்சுவையாகவே கடந்து செல்கிறது. உண்மை. இத்தொடர் பெண்ணியப் பிரதி அன்று. ஆயினும் ஒரு பிரதி தன் ஆசிரியரின் நோக்கத்தை மீறிப் பேசும் என்பதைத்தானே இலக்கியத் துறைகள் முதுகலை முதலாண்டிலேயே கற்பிக்கின்றன? சங்கப் பாடலுக்கும் நவீன நாவலுக்கும் வழங்கப்படும் இந்தச் சலுகை கார்ட்டூனுக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது?

ஆகவே கோரிக்கைகள் மிக எளியவை. சிறார் ஊடகம் பற்றிய அடுத்த ஆய்வேட்டில், திரையில் தாய் செய்யும் வேலைகளை நிமிடக் கணக்கில் குறிக்க வேண்டும். குழந்தை எத்தனை மணிநேரம் பார்க்கிறது என்று கேட்கும் வினாநிரலில், அந்த நேரத்தில் வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார் என்ற கேள்வியும் இடம்பெற வேண்டும். 'பெற்றோர்' என்று எழுதுமிடமெல்லாம் தாயா தந்தையா என்று பிரித்தெழுத வேண்டும். மொழிமாற்றப் பிரதியை ஆராய்வோர், மிட்சியின் ஜப்பானியக் கோபம் தமிழில் எந்தச் சொற்களைப் பெற்றது, எவை மென்மையாக்கப்பட்டன என்று ஒப்பிட வேண்டும். டெக்னோபார்க்கில் அமர்ந்து உலகத்துக்கெல்லாம் படம் வரையும் இளைஞர்கள் இந்தக் கேள்விகளைப் படித்துவிட்டு, சிறுவாடு சேர்க்கும் ஒரு தென்னிந்தியத் தாயை வரையவும் கூடும்.

இவற்றுள் எதுவும் நடவாவிட்டால் நிகழப்போவது இதுதான்: இன்னும் பத்து ஆய்வேடுகள் வரும், பத்திலும் ஷின்சான் தண்டிக்கப்படுவான், பத்திலும் பெற்றோருக்கு அறிவுரை வழங்கப்படும். அந்த ஆய்வேடுகளுள் சிலவேனும், எழுதுபவர் இடையூறின்றி எழுதும்பொருட்டு, அடுத்த அறையில் ஒருத்தி குழந்தையைக் கார்ட்டூன் முன் அமர்த்திவிட்டுச் சமைத்துக்கொண்டிருந்த வேளையில் எழுதப்பட்டவையாக இருக்கும். நன்றியுரைப் பக்கத்தில் அவள் 'பொறுமைக்கு' நன்றி பெறுவாள். அவள் பெற வேண்டியது ஓர் இயல்.