ஆனா மாப்ளே...

காரைக்காலில் என் ஒன்றுவிட்ட மாமாவுக்கு மளிகை மொத்த வியாபாரம். 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் சென்னைக்குப் போன் போட்டார். "நீதான் கம்ப்யூட்டர்ல இருக்கியே, பில் போட ஒரு ஸாஃப்ட்வேர் செஞ்சு குடேன்."

கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு, நாற்பது பக்கம் எழுதி அனுப்பினேன். மாமா எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். (படித்தாரா என்று கேட்காதீர்கள். பாங்க் பத்திரத்தையே படிக்காத ஜாதி.) ஐந்து மாதம் சென்னையில் உட்கார்ந்து எழுதி, டிசம்பரில் கடையில் கொண்டுபோய் வைத்தேன். "பிரமாதம்!" என்றார் மாமா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மாதம் கழித்துப் போன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மாப்ளே..."

பொறையார் கடைக்குப் போட்ட பில்லில் எல்லாம் வரி தப்பு. ஆடிட்டர் கண்டுபிடித்துவிட்டார். காரைக்காலுக்கு ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. ஆனால் ஊர் புதுச்சேரி யூனியன் பிரதேசம். உள்ளூரில் விற்றால் வரியில் பாதி மத்திய அரசுக்கு, பாதி புதுச்சேரிக்கு என்று பிரித்துக் காட்ட வேண்டும். பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய பொறையாருக்குச் சரக்கு அனுப்பினால் வெளிமாநில வியாபாரம்; ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரி. நானோ பக்கத்து ஊர் என்றால் அதே மாநிலம் என்று எழுதி வைத்திருந்தேன். இப்போது மாமா சரியான வரியைக் கையிலிருந்து கட்டிவிட்டு, தப்பாகக் கட்டியதைத் திருப்பிக் கேட்டுக் காத்திருக்க வேண்டும்.

"முதல்லயே ஏன் மாமா சொல்லலை?"

"நீ கேக்கலியே. பொறையாரும் நாகூரும் வேற ஸ்டேட்டுனு இங்க சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

கோபித்துப் பயனில்லை. தினம் பார்ப்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். தப்பாக ஒன்றைக் கண்முன் வைத்தால்தான் சரியானது வாயில் வரும். அதைத்தான் சீக்கிரமே வைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் முதலில் எழுதி, பிறகு செய்து, கடைசியில் காட்டுகிற வழிக்கு 'அருவி முறை' என்று பெயர். 1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரையில் அதைப் படிப்படியாகப் படம் போட்டுக் காட்டினார். இப்படியே செய்தால் ஆபத்து, இரண்டு தடவை செய்து பாருங்கள் என்றும் அதிலேயே எழுதினார். உலகம் படத்தை மட்டும் பார்த்தது. ஆனால் அமெரிக்க விண்வெளி ஓடத்தின் முக்கிய ஸாஃப்ட்வேரை 1977-லிருந்து 1980 வரை 31 மாதங்களில் 17 சுற்றாகத்தான் செய்தார்கள். கொஞ்சம் செய், காட்டு, திருத்து, மறுபடி செய்.

அவ்வளவு தூரம் போவானேன்? காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடி இருக்கிறது. பாதிரியார் சீகன்பால்கு தமிழில் அச்சடிக்க ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து 1713-ல் எழுத்துகள் வந்தன. தமிழ் தெரியாதவர்கள் வார்த்தவை, அளவில் பெரியவை. காகிதமோ பஞ்சம். இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். புதிய ஏற்பாடு முழுசாக முடியட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. 1714-ல் முதல் பகுதி வெளிவந்தது; 1715-ல் முழுப் புத்தகம்.

சென்னையில் நான் வார்த்ததும் ஹாலே எழுத்துதான். லீவு போட்டுவிட்டுக் கடைக்கே போய் உட்கார்ந்தேன். முதல் வாரம் உள்ளூர், வெளியூர் பில் மட்டும். காட்டினேன். "ஆனா மாப்ளே..." இரண்டாவது வாரம் கடன் கணக்கு. பெயரும் போன் நம்பரும் இல்லாமல் புரோகிராம் நகராது. மாமாவின் நோட்டிலோ ஆள் பெயரே கிடையாது. 'பச்சை சைக்கிள்', 'போஸ்டாபீஸ் எதிர்வீடு' என்றுதான் இருந்தது. திருத்தினேன். வரி விகிதத்தையும் புரோகிராமுக்குள் புதைக்காமல், மாமாவே மாற்றுகிற மாதிரி தனிப் பட்டியலாக வைத்தேன். ஒவ்வொரு 'ஆனா'வும் ஒரு ராத்திரி வேலை. முதல் 'ஆனா' மட்டும்தான் ஐந்து மாதத்தையும் மாமாவின் பணத்தையும் தின்றது.

2025 செப்டம்பர் 22-ம் தேதி சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் வரி 18 சதவிகிதத்திலிருந்து 5 ஆனது. பயந்துகொண்டே நான்தான் போன் செய்தேன். பட்டியலில் அவரே மாற்றிவிட்டாராம்.

"அப்ப இனிமே எனக்கு வேலையில்லையே மாமா?"

"இல்லைதான். ஆனா மாப்ளே..."